நெடுநாள் மருந்தும் இல்லத்தார் கடமையும்

நோய் தீர்க்கும் நெறியை ஆராய்ந்த திருவள்ளுவனார், 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுத்தனர். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து தவறாது கொடுப்பவன் என்பன அந்நான்காம். முதல் மூன்றனைப் பற்றியும் உலகம் மிகுதியாகப் பேசுகின்றது. மருத்துவரின் புகழ் ஊரெங்கும் பரவும். புதிய மருந்தின் பெயர் பத்திரிகைகளில் வெளிவரும். நான்காம் உறுப்பாய் நிற்பவனைப் பற்றிப் பேசுவார் அரியர். ஒரு கிழமையில் நீங்கும் காய்ச்சலுக்கு இவனது குறை பெரிதாகத் தோன்றாது. மருந்து ஆண்டுக்கணக்காக நாடோறும் கொள்ளத்தக்கதாய், கொள்ளுவோர் குழந்தையுமாயின், வெற்றியும் தோல்வியும் இந்நான்காமவன் கையிலேயே அமைகின்றன. இவ்வுண்மையை, வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நம் தருமபுரி மாவட்டத்துக் குடும்பங்களின் நிலைமையோடு பொருத்தி ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நம் மாணாக்கருள் ஆசிரியராகவும், செவிலியராகவும், பெற்றோராகவும் ஆகப்போவோர் பலராதலின், இஃது அவர்க்குப் பயன்படும் என நம்புகின்றோம்.

வளர்ச்சியின் இயல்பு

மூளையின் அடியில் பட்டாணியளவாய் அமைந்த பிட்யூட்டரி என்னும் சுரப்பி உடலின் பல தொழில்களை ஆளுகின்றது. அது சுரக்கும் நீர்களுள் ஒன்றே வளர்ச்சி ஹார்மோன். இந்நீர் நாள் முழுதும் ஒரே சீராகச் சுரவாது, விட்டுவிட்டுச் சுரக்கும். இரவில் ஆழ்ந்த உறக்கத்தின்போது மிகுதியாகச் சுரக்கும். குருதியோடு கலந்து கல்லீரலை அடைந்து, ஆங்கு ஐ.ஜி.எப். 1 எனப்படும் வேறொரு பொருளைத் தோற்றுவிக்கும். இவை கை கால்களின் நீண்ட எலும்புகளின் முனையருகேயுள்ள வளர்குருத்தெலும்பைப் பெருகச் செய்ய, எலும்பு நீள்கின்றது, குழந்தை உயர்கின்றது.

பிறந்த முதலாண்டில் குழந்தை ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரும். இரண்டாம் ஆண்டில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். நான்கு வயதுக்குமேல் பூப்புப் பருவம் வரையில் ஆண்டொன்றுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர். பூப்புப் பருவத்தில் வளர்ச்சி ஒருமுறை விரைந்து, பின்பு குருத்தெலும்பு முற்றி எலும்போடு எலும்பாய் இறுகிவிடும். இறுகியபின் இவ்வூசியால் உயரம் கூடாது. மானாவாரி நிலத்தில் கேழ்வரகு விதைப்போன், மழைக்காலம் கழிந்தபின் எத்துணை உழுதும் பயனடையான். அதுபோலவே இச்சிகிச்சைக்கும் ஒரு பருவம் உண்டு. அப்பருவத்துள் வீணான நாள்களை முற்றும் மீட்டல் அரிது. இங்ஙனம் காலம் வரையறுக்கப்பட்டிருத்தலே இம்மருந்தைத் தவறாது கொடுத்தல் வேண்டும் என்பதற்கு முதற் காரணமாம்.

குட்டையாய் இருக்கும் பிள்ளைகளெல்லாம் ஹார்மோன் குறையுடையோர் எனக் கருதுதல் தவறு. தாய் தந்தையர் குட்டையராயின் மக்களும் அவ்வாறே நலமாக இருத்தல் கூடும். ஊட்டமின்மை, தைராய்டுக் குறை, குடல் நோய், சிறுநீரக நோய் ஆகியவையும் வளர்ச்சியைத் தடுக்கும். நம் மாவட்டத்திற்குரிய வேறொரு கேடும் உண்டு. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பற்களைக் கறைப்படுத்தி எலும்புகளையும் கெடுத்துவந்தது. அதனை நீக்கவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கால் வளைந்து குட்டையாய் இருக்கும் பிள்ளைக்கு எலும்பின் நோயா, சுரப்பியின் குறையா என்பதைத் தேர்ந்தே மருந்து தொடங்குவர். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஆண்டொன்றுக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளருமாயின், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். 2013ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளைப் பார்வையிட வரும் மருத்துவக் குழுவினரிடமும் இதனைத் தெரிவிக்கலாம்.

மருந்தின் வரலாறு

வளர்ச்சி ஹார்மோன் குறைந்த குழந்தைக்கு வெளியிலிருந்து அந்நீரை ஊட்டும் முறை 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் தோன்றியது. அந்நாளில் இறந்த மக்களின் பிட்யூட்டரிச் சுரப்பியினின்றே அதனை எடுத்தனர். பல உடல்களினின்றும் எடுத்தும் மருந்து சிறிதே கிடைத்தது. 1985ஆம் ஆண்டில், அம்மருந்தைப் பெற்றோர் சிலர் மூளையை அழிக்கும் கொடிய நோயால் இறந்தமை அறியப்பட்டு, அமெரிக்காவில் அதன் பயன் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே, நுண்ணுயிரின் வாயிலாக ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட ஹார்மோனுக்கு அந்நாட்டில் இசைவு கிடைத்தது. இக்காலத்தில் குழந்தைகளுக்கு இடப்படுவது இவ்வாறு செய்யப்பட்டதேயாம், பிணத்தினின்று எடுக்கப்படுவதன்று. பழைய செய்தியைக் கேள்வியுற்று அஞ்சி மருந்தை நிறுத்தும் பெற்றோர்க்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தல் கற்றோர் கடமை.

இம்மருந்தை விழுங்கினால் வயிறு அதனைச் செரித்துவிடும். ஆதலின் தோலுக்கடியில் ஊசியாலேயே செலுத்துகின்றனர். பெரும்பாலும் நாடோறும் இரவில், பேனா போன்ற கருவியில் நுண்ணிய ஊசியைப் பொருத்தி, தொடை, புட்டம், வயிறு முதலிய இடங்களில் மாறிமாறி இடுவர். ஐந்தாண்டு இங்ஙனம் இடுவதாயின் 1,825 ஊசிகளாகின்றன. மருத்துவமனைக்குச் செல்லுதலோ மூன்று அல்லது ஆறு திங்களுக்கு ஒருமுறையே. எஞ்சிய இரவுகளிலெல்லாம் மருத்துவமனையாவது அவ்வீடே.

தவறுதலின் கணக்கு

வாரத்தில் ஓரிரவு தவறினால் என்ன என்று கேட்பார் உளர். ஓராண்டில் அவை 52 இரவுகள். ஐந்தாண்டில் 260 இரவுகள். அஃதாவது எட்டுத் திங்களுக்கும் மேற்பட்ட காலம் மருந்தின்றிக் கழிந்ததாம். வாரத்தில் ஈரிரவு தவறினால் இவ்விழப்பு இருமடங்காகும். நியூசிலாந்து நாட்டில் 2011ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், பெற்றோர் வாய்மொழியை மட்டும் நம்பாது, திரும்பி வந்த வெற்று மருந்துக் குப்பிகளை எண்ணிப் பார்த்தனர். ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகளைத் தவறவிட்டமை தெரிந்தது; தவறவிட்டோரின் வளர்ச்சியும் குறைந்தேயிருந்தது. கல்வியும் செல்வமும் மிக்க நாட்டிலேயே இந்நிலைமையாயின், இதனை ஏழைகளின் அறியாமை என்றோ கிராமத்தாரின் சோம்பல் என்றோ கூறுதல் பொருந்தாது. நெடுநாள் மருந்தில் தளர்தல் மக்களியல்பு. அத்தளர்ச்சிக்கு முன்னரே வழிசெய்து வைத்தல் அறிவுடைமை.

இதில் தனித்ததோர் இடர்ப்பாடும் உண்டு. வலி நீக்கும் மருந்தைத் தவறவிட்டால் வலி உடனே நினைவூட்டும். வளர்ச்சி ஹார்மோனைத் தவறவிட்டால் மறுநாள் யாதொரு வேறுபாடும் தெரியாது. கொடுத்தாலும் மறுநாள் யாதும் தெரியாது. பயன் கண்ணுக்குப் புலப்படாத செயலில் குழந்தையைத் தூண்டி நிறுத்தல் எளிதன்று.

சென்னையில் கண்ட உண்மை

வறிய வீடுகளில் நெடுங்கால மருத்துவம் நடவாது என்று எண்ணுவோர்க்கு நம் மாகாணத்தின் வரலாறே விடை கூறுகின்றது. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டுறவால் அமைந்தது. அக்காலத்தில் காசநோயாளரை நல்ல காற்றும் உணவும் ஓய்வும் உடைய சானடோரியத்தில் வைத்தே குணப்படுத்தல் வேண்டும் என்பது பொதுக்கொள்கை. அந்நிலையத்தார் 193 நோயாளரைத் திருவுளச்சீட்டு முறைபோலப் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும், மற்றொரு சாராரை நெருக்கமும் வறுமையும் மிக்க அவர்தம் வீடுகளிலும் வைத்து, ஓராண்டுக்காலம் ஒரே மருந்தைக் கொடுத்தனர். 1959ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. நல்லுணவும் ஓய்வும் குறைந்திருந்தும், வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய மற்றவரைப் போலவே குணமடைந்தனர்.

இவ்வெற்றி தானே வந்ததன்று. வீட்டிலிருந்தோர் மருந்தை உண்கின்றனரா என்பதை, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும் அறிந்தனர். நாடோறும் உண்ணும் மருந்தில் மக்கள் தவறுதலைக் கண்டு, பின்னர் வாரத்துக்கு இருமுறை மட்டும், ஒருவர் கண்காணக் கொடுக்கும் முறையையும் சென்னையிலேயே ஆராய்ந்தனர். அதன் முடிவு 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. உலகமெங்கும் காசநோய்க்கு மருந்தை நேரிற் கண்டு கொடுக்கும் முறை பரவியதற்கு இவ்வாராய்ச்சிகள் அடிகோலின. காசநோய் வேறு, வளர்ச்சிக் குறை வேறு. ஆயினும் இரண்டிற்கும் பொதுவான பாடங்கள் மூன்று: சிறிய வீடும் மருத்துவமனையாகலாம், மருந்து உட்சென்றதை ஒருவர் கண்ணாற் காணுதல் வேண்டும், முறைகளின் எண்ணிக்கையைக் குறைக்க இயலுமாயின் குறைத்தல் நன்று. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் இடத்தக்க வளர்ச்சி ஹார்மோனுக்கு அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் இசைவு கிடைத்ததும் இம்மூன்றாம் பாடத்தின் வழியதே.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, உண்மை கூறுதல். ஊசி ஏன் என்பதைக் குழந்தையின் வயதுக்கேற்பச் சொல்லுதல் வேண்டும். "உன் உடம்பில் வளர்ச்சிக்குரிய நீர் குறைவாக ஊறுகிறது, அதை நாம் இரவில் ஊற்றுகிறோம்" என்றால் ஐந்து வயதுப் பிள்ளையும் உணரும். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் கூறின், அடுத்த நாள் எச்சொல்லையும் அப்பிள்ளை நம்பாது. நம் நாட்டில் குறும்பு செய்யும் பிள்ளையை "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று அச்சுறுத்தும் வழக்கம் உண்டு. நாடோறும் ஊசி கொள்ளும் பிள்ளையுள்ள வீட்டில் அவ்வழக்கம் அறவே ஒழிதல் வேண்டும். மருந்தைத் தண்டனையாக்கிய வீட்டில் மருந்து நிலைபெறாது.

இரண்டாவது, நேரம் வரையறுத்தல். இராவுணவு முடிந்து படுக்கை விரிக்கும் வேளையைப் போல் நாடோறும் நிகழும் ஒரு செயலோடு ஊசியை இணைத்துவிடின், நினைவின் உதவியின்றியே அது நடைபெறும். நம் வீடுகளின் சுவரில் நாட்காட்டி தொங்காத வீடு அரிது. காலையிற் கிழிக்கும் அத்தாளை ஊசியிட்ட பின்னரே கிழிப்பது என்று வழக்கப்படுத்துக. அத்தொழிலைக் குழந்தையிடமே விடுக. தாள் கிழியாது நின்றால் வீட்டிலுள்ளார் அனைவரும் அறிவர்.

மூன்றாவது, குழந்தைக்குப் பங்களித்தல். ஊசி வேண்டுமா வேண்டாவா என்பது பிள்ளையின் விருப்பத்துக்குரியதன்று. இன்று இடத்தொடையா வலத்தொடையா என்பது விருப்பத்துக்குரியது. இச்சிறு உரிமையும் பெரிதும் அமைதி தரும். இடுமுன் அவ்விடத்தைச் சிறிது பனிக்கட்டியால் குளிர்வித்தலும், மெல்ல மூச்சை விடச் செய்தலும் வலியைக் குறைக்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் தானே இட்டுக்கொள்ளப் பழகுவோர் பலர். ஆனால் பிள்ளை பழகிவிட்டது என்று பெற்றோர் விலகிவிடுதல் தீது. குமரப் பருவத்தில்தான் மருந்து மிகுதியும் தவறுகின்றது. கை பிள்ளையுடையதாயினும் கண் பெற்றோருடையதாதல் வேண்டும்.

நான்காவது, இருவர் பழகுதல். நம் மாவட்டத்தில் தந்தையர் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர்; தாய் ஒருத்தியே பொறுப்பாளியாகின்றாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால், அல்லது பிறந்தகம் செல்ல நேர்ந்தால் மருந்து நிற்கும். ஆதலின் பாட்டியோ, அத்தையோ, மூத்த மகளோ இரண்டாமவராகப் பழகிக்கொள்ளுதல் இன்றியமையாதது. எழுத்தறியாதார் இதனைக் கற்கமாட்டார் என எண்ண வேண்டா. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதாவும் 1993ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பணியில், அம்மலைவாழ் மக்களிடையிலிருந்தே பெண்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றி நலப்பணியாளராக்கினர். காட்டுவாருண்டாயின் கற்பாருண்டு என்பதற்கு அஃது அண்டையிலுள்ள சான்று.

ஐந்தாவது, தவறிய நாளைப் பற்றியது. ஓரிரவு தவறினால் மறுநாள் இருமடங்கு இடுதல் கூடாது; வழக்கமான அளவையே இட்டுத் தொடர்தல் வேண்டும். தவறியதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் மறையாது கூறுக. இடைவிடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டுதல் ஆகியவை தோன்றின், அடுத்த தவணை வரையில் காத்திராது உடனே மருத்துவரை அணுகுக.

மருந்தைக் காத்தல்

இம்மருந்துகளுள் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தல் வேண்டும். வெப்பம் அதனைக் கெடுக்கும், உறைதலும் கெடுக்கும். ஆதலின் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில், பனிக்கட்டி அறைக்கு அப்பால் வைத்தல் தக்கது. மண்பானைக் குளிர்ச்சி குடிநீருக்குப் போதுமேயன்றி இம்மருந்துக்குப் போதாது. பெட்டியில்லாத வீட்டார் நம்பத்தக்க அயலாரிடமோ, ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வைத்துக்கொள்ள இயலுமா என்பதை மருந்து தொடங்குமுன் உசாவுதல் வேண்டும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் செல்லும்போதும், திருவிழாவுக்குப் பாட்டி வீடு செல்லும்போதும், குளிர்காப்புப் பெட்டியில் பனிக்கட்டி நேரே படாதவாறு துணி சுற்றி மருந்தை எடுத்துச் செல்லுக. வழக்கம் அறுபடுவது பெரும்பாலும் இத்தகைய நாள்களிலேயாம். பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் எறியாது, தடித்த டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படைக்க.

மறைத்தலும் ஏளனமும்

மருந்தைத் தடுக்கும் பகை வெளியிலும் உண்டு. "குள்ளன்" என்று பள்ளியில் அழைக்கப்படும் சிறுவன், ஊசியைத் தன் இழிவின் அடையாளமாகக் கருதுகின்றான். பெண்பிள்ளையாயின், பின்னாளில் மணம் பேசுவோர் அறிந்தால் என்னாகுமோ என்று பெற்றோர் உறவினரிடமிருந்து மறைக்கின்றனர். விருந்தினர் வந்த இரவெல்லாம் ஊசி நிற்கின்றது. யாவர்க்கும் பறைசாற்றுதல் வேண்டா. ஆயினும் நெருங்கிய சுற்றத்தார் இருவர் மூவரும், வகுப்பாசிரியரும் அறிந்திருத்தல் நன்று. ஆசிரியர் செய்யத்தக்கது எளிது: உயர வரிசையில் நிறுத்தி நகைக்கு இடங்கொடாமை, வயதுக்கேற்ற பொறுப்புகளை அப்பிள்ளைக்கும் அளித்தல், ஏளனப் பெயரைத் தாமே வழங்காமை. பத்து வயதுப் பிள்ளையை உருவங்கண்டு ஆறு வயதுப் பிள்ளைபோல் கொஞ்சுதலும் தீங்கே.

மருத்துவரும் பொருளும்

"தவறாமல் போடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால் "ஆம்" என்பதே விடையாக வரும். "சென்ற திங்களில் எத்தனை இரவு முடியாமற்போயிற்று? எதனால்?" என்று வினவினால் உண்மை வெளிப்படும். கடிந்துரைக்கும் மருத்துவரிடம் பெற்றோர் பொய் கூறுவர். அப்பொய்யை நம்பி மருத்துவர் மருந்தின் அளவை உயர்த்துவர். இதனால் வரும் கேடு குழந்தைக்கே. ஒவ்வொரு வருகையிலும் உயரத்தை அளந்து, வரைபடத்தில் குறித்து, அக்கோடு மேலேறுவதைப் பிள்ளைக்குக் காட்டுதல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத பயனைப் புலனாக்குவது அக்கோடே. வீட்டில் நாடோறும் அளத்தல் மனச்சோர்வையே தரும். மூன்று திங்களுக்கு ஒருமுறை, ஒரே வேளையில், சுவரில் கோடிட்டு அளத்தல் போதும்.

பொருளைப் பற்றியும் தொடக்கத்திலேயே பேசிவிடுதல் வேண்டும். இம்மருந்து விலையுயர்ந்தது; பிள்ளை எடை கூடுந்தோறும் அளவும் செலவும் கூடும். ஆறு திங்கள் கடன் வாங்கி இட்டு, பின் நிறுத்துதல் பணத்துக்கும் பருவத்துக்கும் இழப்பு. மத்திய அரசு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், உறுதிசெய்யப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் குறை, டர்னர் நோய்க்குறி முதலியவற்றுக்குரிய இச்சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. அக்கொள்கையின்கீழ் அமைந்த சிறப்பு மையங்களுள் ஒன்று நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் இருக்கின்றது. தகுதியும் வழிமுறையும் யாவை என்று மருத்துவரிடம் கேட்டறிக. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்துகளை வீடு தேடிக் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழக அரசின் திட்டம், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. 2004ஆம் ஆண்டு வரையில் அப்பகுதி நம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. நெடுநாள் மருந்து வீட்டின் வாயிலை அடைதல் வேண்டும் என்னும் கொள்கையை அரசே ஏற்றமைக்கு இது சான்று. சிறார்க்குரிய நெடுநாள் மருந்துகளுக்கும் அத்தகைய வழி உண்டாதல் வேண்டும் என்பது எம் விருப்பம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த பொருள் இது: நெடுங்காலச் சிகிச்சையில் குழந்தையின் மனவுறுதியை மட்டும் நம்புதல் முறையன்று. வரையறுத்த நேரமும், பழகிய இரு கைகளும், காக்கப்பட்ட மருந்தும், உண்மை பேசும் உறவும் வாய்த்த வீட்டில், மனம் சோர்ந்த இரவிலும் ஊசி நடைபெறும். இவை வாய்க்காத வீட்டில் மனவுறுதி மிக்க பிள்ளையும் சில திங்களில் தளரும். இத்தகைய பிள்ளை தம் தெருவிலோ வகுப்பிலோ இருப்பதை அறியும் மாணாக்கர், அவ்வீட்டாரிடம் சென்று, "ஊசி போடக் கற்றுக்கொள்ளும் இரண்டாமவராக நான் வரலாமா?" என்று கேட்பாராயின், நம் கல்லூரியிற் கற்ற கல்வி ஒரு குழந்தையின் எலும்பில் ஏறி நிற்கும். திருவள்ளுவனார் வகுத்த நான்காம் உறுப்பாய் நிற்பதற்குப் பட்டமும் பதவியும் வேண்டா. இரவு தவறாத கை ஒன்றே போதும்.